சூரியனை அளந்தவர்களும் நான் அடித்துவிட்ட 94-ம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

பொங்கலன்று சூரியனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சூரியன் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றுகிறது, அதில் 40 லட்சம் டன் ஆற்றலாக மாறி வெளியே போகிறது என்று. அதற்குக் கீழே, அந்தக் காலத்தில் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், இதை யாரு எடை போட்டுப் பார்த்தது?"

நீங்கள் எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி படுத்த பிறகுதான் யோசித்தேன். 34 வருஷம் "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்ற ஒரே வரியில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருக்கிறேன். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கும் தெரியாது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், கல்லூரி இயற்பியல் படித்தவள் அல்ல. ஆனால் அது சாக்கு. தெரியாது என்று சொல்வதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லையே.

ஆகவே இந்த ஒரு மாதமாகப் படித்தேன். உங்களில் இயற்பியல் படித்த இரண்டு பேரைப் போனில் துளைத்து எடுத்தேன். புரிந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒரு கருத்தும் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

முதலில் அந்த 60 கோடி டன். பூமிக்கு வந்து சேரும் வெயிலை ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அளந்துவிடலாம். சூரியன் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துச் சூரியன் எல்லாப் பக்கமும் கொட்டுகிற மொத்த ஆற்றலைக் கணக்குப் போடலாம். நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகும்போது எடையில் ஆயிரத்துக்கு 7 பங்கு குறைகிறது. அந்தக் குறைதான் ஆற்றலாக மாறுகிறது என்று 1920-லேயே எடிங்டன் சொல்லிவிட்டார். மீதி ஐன்ஸ்டைன் சமன்பாட்டின்படி ஒரு பெருக்கல் வகுத்தல்தான். தம்பி, எடை போட்டது இப்படித்தான்.

ஆனால் இது மொத்தக் கணக்கு மட்டும்தான். கடையின் ஒருநாள் வசூல் தெரிகிறது, உள்ளே என்ன வியாபாரம் நடந்தது என்று தெரியவில்லை என்பதைப் போல. உள்ளே எந்த அணுக்கரு எதோடு சேர்கிறது, எவ்வளவு வேகத்தில் சேர்கிறது? சூரியன் இன்னும் எத்தனை காலம் எரியும், மற்ற நட்சத்திரங்களுக்கு என்ன வயது என்பதெல்லாம் அந்த வேகத்தைப் பொறுத்துத்தான் இருக்கின்றன.

இங்கேதான் நான் உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒன்று வருகிறது. "சூரியனுக்குள் பயங்கர வெப்பம், அணுக்கருக்கள் அசுர வேகத்தில் மோதி இணைகின்றன, ஹைட்ரஜன் குண்டு வெடிப்பது போல" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? உண்மை நேர் எதிர். சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம் இருக்கிறது. அதுகூடப் பற்றாது. அணுக்கருக்கள் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தாண்டி ஒட்டிக்கொள்ளுமளவு வேகம் அவற்றுக்குக் கிடையாது. எடிங்டன் காலத்தில் இயற்பியலாளர்கள் கேட்ட கேள்வியே இதுதான்: நட்சத்திரத்தில் இதற்குப் போதுமான சூடு இல்லையே?

விடை 1928-ல் ஜார்ஜ் காமோவ் செய்த வேலையிலிருந்து வந்தது. மிகச் சிறிய துகள்களின் உலகத்தில், தாண்ட முடியாத சுவரை ஒரு துகள் எப்போதாவது ஊடுருவிப் போய்விடும். கோடானுகோடி முறை முட்டித் திரும்பும், ஏதோ ஒரு முறை அந்தப் பக்கம் போயிருக்கும். அட்கின்சன், ஹவுட்டர்மான்ஸ் என்ற இருவர் அடுத்த ஆண்டே இதை நட்சத்திரங்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

எவ்வளவு அரிது தெரியுமா? சூரியனின் நடு மையத்தில் இருக்கும் ஒரு புரோட்டான் இன்னொரு புரோட்டானோடு சேரச் சராசரியாகச் சுமார் 1000 கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும். மையத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் உண்டாகும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் நாலு ஓடலாம், அவ்வளவுதான். கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் என் உடம்பில் உண்டாகும் சூடு அதைவிட அதிகம்! சூரியன் அவ்வளவு பெரியது என்பதால்தான் இந்தச் சொற்பமும் சேர்ந்து வெயிலாகிறது. அது மெதுவாக எரிவதால்தான் நாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இவ்வளவு மெதுவாக நடப்பதை ஆய்வகத்தில் அளப்பது எப்படி? முடுக்கி என்ற கருவியால் அணுக்கருக்களை ஓடவிட்டு, இன்னொரு பொருள்மீது மோதவிட்டு, எத்தனை வினை நடந்தது என்று எண்ண வேண்டும். வேகமாக ஓடவிட்டால் நிறைய வினை நடக்கும், எண்ணுவது சுலபம். நட்சத்திரத்தில் இருக்கும் குறைந்த வேகத்துக்கு இறங்க இறங்க, எண்ணிக்கை தலைகுப்புற விழுந்து ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அதனால் பல பத்தாண்டுகளாக என்ன செய்தார்கள் என்றால், அதிக வேகத்தில் அளந்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, அந்தக் கோட்டைக் கீழே நீட்டிக் கணித்தார்கள். இதில் பெரிய வேலை செய்த வில்லியம் ஃபௌலருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டு அதைப் பகிர்ந்துகொண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர். கோட்டை நீட்டுவது தப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் உயரத்தைப் பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை அளந்துவிட்டு, பிறந்தபோது எத்தனை சென்டிமீட்டர் என்று கோடு நீட்டிச் சொன்னால் சரியாக வருமா? நடுவில் நமக்குத் தெரியாமல் ஒரு மேடோ பள்ளமோ இருந்தால் கணக்கு போச்சு.

நேரடியாக அளக்கலாம் என்றால் இன்னொரு தொல்லை. வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் எந்நேரமும் மழைபோலப் பெய்துகொண்டிருக்கின்றன. நீட்டிய உள்ளங்கை வழியாக நொடிக்கு ஏறக்குறைய ஒன்று போகிறது. நமக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கருவிக்குத் தெரியும். சந்தை இரைச்சலுக்கு நடுவே குண்டூசி விழும் ஓசையைக் கேட்கச் சொன்ன கதைதான்.

இரைச்சலுக்குப் பயந்து அவர்கள் ஒரு மலைக்கு அடியில் போய் உட்கார்ந்தார்கள். இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ என்ற மலை இருக்கிறது. அதைக் குடைந்து பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுஞ்சாலைச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுரங்கத்தை ஒட்டியே மலைக்குள் பெரிய கூடங்களை வெட்டி ஆய்வகம் கட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேலே 1400 மீட்டர் பாறை. மியூவான் மழை அங்கே பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சிறிய முடுக்கியை வைத்து வேலையைத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தின் பெயர் லூனா. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. இத்தாலிய மொழியில் லூனா என்றால் நிலா. சூரியனை அளக்க வைத்த கருவிக்கு நிலாவின் பெயர்!

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது இரண்டு ஹீலியம்-3 சேர்ந்து சாதாரண ஹீலியமும் இரண்டு புரோட்டானும் வரும் வினை. சூரியனில் ஹீலியம் உருவாவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான். அப்போது ஒரு பெரிய புதிர் இருந்தது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களை அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் 1960-களின் கடைசியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார் ரேமண்ட் டேவிஸ். கணக்குப்படி வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. ஹீலியம்-3 வினை குறைந்த வேகத்தில் நாம் நினைப்பதைவிட அதிகமாக நடந்தால் அந்தக் குறைவுக்குக் காரணம் சொல்லிவிடலாம் என்று ஃபௌலரே ஒரு யோசனை சொல்லியிருந்தார். கோடு நீட்டும்போது தெரியாத மேடு என்றேனே, அதுதான்.

லூனா குழுவினர் அளந்தார்கள். நொடிக்குக் கோடி கோடி என்ற கணக்கில் அணுக்கருக்களை ஓடவிட்டு, இரண்டு புரோட்டான்களும் ஒன்றாகத் தென்பட்டால்தான் ஒரு வினை என்று எண்ணினார்கள். மிகக் குறைந்த ஆற்றலில் கிடைத்தது எத்தனை தெரியுமா? மாதத்துக்கு இரண்டு.

தினமும் வேலைக்குப் போய்க் கருவியைப் பார்க்கிறீர்கள். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பதினைந்து நாள் கழித்து ஒன்று. ஒன்றும் பதிவாகாத நாளில் "ஒன்றும் இல்லை" என்றுதான் எழுத வேண்டும். 1999-ல் முடிவை வெளியிட்டார்கள்: மேடு எதுவும் இல்லை, சூரியன் பற்றிய கணக்கு சரி. அப்படியானால் கோளாறு நியூட்ரினோ பக்கம். வரும் வழியில் அவை வகை மாறிவிடுகின்றன என்பதைக் கனடாவில் சட்பரி சுரங்க ஆய்வகம் 2002-க்குள் உறுதிசெய்தது.

அடுத்தது நைட்ரஜன். சூரியனைவிடக் கனமான நட்சத்திரங்கள் கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் வழியாகச் சுற்றி வந்து ஹைட்ரஜனை ஹீலியமாக்குகின்றன. அந்தச் சுற்றில் மிக மெதுவான படி, நைட்ரஜனோடு புரோட்டான் சேர்வது. ரேஷன் கடையில் பில் போடுகிறவர் எவ்வளவு வேகமாகப் போட்டாலும், எடை போடுகிறவர் மெதுவாக இருந்தால் வரிசை அவர் வேகத்தில்தானே நகரும்? நட்சத்திரத்தில் அந்த எடை போடுகிறவர் நைட்ரஜன்.

இந்த வேகத்துக்கு ஒரு மதிப்பு எல்லா அட்டவணைகளிலும் இருந்தது. கோட்டை நீட்டி வந்த மதிப்பு. லூனா குழு 2004-ல் வெளியிட்ட அளவீடு அதில் ஏறக்குறைய பாதிதான். அட்டவணையில் இருந்தது இரண்டு மடங்கு தப்பு!

இதனால் என்ன ஆனது? வானத்தில் ஒன்றாகப் பிறந்த லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் பழங்கொத்துகள் உண்டு. அவற்றில் எந்தெந்த நட்சத்திரம் எரிபொருளைத் தீர்த்துவிட்டது என்று பார்த்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். எடை போடுகிறவர் நினைத்ததில் பாதி வேகம் என்றதும், அந்தக் கொத்துகளின் வயது 70 கோடி முதல் 100 கோடி ஆண்டு வரை கூடிவிட்டது. மலைக்கு அடியில் செய்த ஒரு வேலை, ஆகாயத்தின் மிகப் பழைய பொருள்களின் பிறந்த தேதியைத் திருத்திவிட்டது.

இப்போது அந்தக் குழுவில் ஒருவராக உங்களை வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் இருப்பதில் பாதிதான் உங்கள் கருவி காட்டுகிறது. உங்கள் ஆசிரியர் அருகில் வந்து, "கருவியில் ஏதோ கோளாறு, புத்தகத்தில் இருப்பதை எழுது" என்று சொல்லியிருந்தால்?

நான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

நீலகிரியில் ஒரு பள்ளியில் இருந்தேன் அல்லவா, ஏறக்குறைய 6000 அடி உயரத்தில். ஏழாம் வகுப்பு. நீரின் கொதிநிலை பார்க்கும் சோதனை. ஸ்டவ், பாத்திரம், ஆய்வக வெப்பமானி. நாலு குழு. மூன்று குழு நோட்டில் 100 டிகிரி. நாலாவது குழுவில் ஒரு மாணவி 94 என்று எழுதி வந்தாள். "தப்பாப் பார்த்திருக்கே" என்றேன். "இல்லை டீச்சர், மூணு தடவை பார்த்தேன்" என்றாள். "அப்ப வெப்பமானி சரியில்லை" என்று சொல்லி, சிவப்பு மையால் 94-ஐ அடித்து, மேலே 100 என்று எழுதினேன். மதிப்பெண்ணும் குறைத்தேன். அவள் வாயைத் திறக்காமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. 6000 அடிக்கு 94 டிகிரிதான் சரி. இதில் வேடிக்கை என்னவென்றால், மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று தினமும் அடுப்படியில் புலம்பியவளும் நானேதான். வீட்டில் தெரிந்தது வகுப்பில் தெரியவில்லை. கையில் சிவப்புப் பேனாவும் மேசையில் புத்தகமும் இருந்தால் கண் மறைத்துவிடும் போலிருக்கிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். மற்ற மூன்று குழுவும் அதே மலையில்தானே இருந்தார்கள்? அவர்களுக்கு 100 எங்கிருந்து வந்தது? வெப்பமானியைப் பார்க்கவே இல்லை, புத்தகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அன்று அந்த வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் என்னிடம் கற்றுக்கொண்டது கொதிநிலை அல்ல. கண்ணால் பார்த்ததை எழுதினால் அடி, எதிர்பார்த்ததை எழுதினால் மதிப்பெண் என்பதைக் கற்றுக்கொண்டார்கள்.

என் கருத்து இதுதான். செய்முறை வகுப்பில் விடைக்கு மதிப்பெண் போடாதீர்கள், அளவீட்டுக்குப் போடுங்கள். எத்தனை முறை அளந்தாய், எதை வைத்து அளந்தாய், எவ்வளவு தப்பு இருக்கலாம் என்று நினைக்கிறாய்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் முழு மதிப்பெண். புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பது அதற்குப் பிறகு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "டீச்சர், பாடம் முடிக்கவே நேரம் இல்லை. பிள்ளைகள் எழுதுவதில் பத்துக்கு ஒன்பது வெறும் கவனக்குறைவு. எல்லாவற்றையும் புதுக் கண்டுபிடிப்பு என்று கொண்டாட முடியுமா?" நியாயமான கேள்வி. கொண்டாடச் சொல்லவில்லை. லூனாவின் நைட்ரஜன் முடிவையும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. அமெரிக்காவில் இன்னொரு குழு தனியாக அளந்து பார்த்தது. அங்கேயும் குறைவாகத்தான் வந்தது, பிறகுதான் அட்டவணைகளைத் திருத்தினார்கள். நானும் அன்று "திரும்ப அளந்து பார்ப்போம், வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுபடி 94 வந்திருக்கும். ஏன் என்று கேட்டிருப்போம். அந்தப் பெண் காற்றழுத்தத்தை வகுப்புக்கே சொல்லிக்கொடுத்திருப்பாள். கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி, என் கடைசி சில வருஷங்களில் செய்தது. நாற்பது பேரையும் ஒரே பெஞ்சின் நீளத்தை மில்லிமீட்டர் வரை அளக்கச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரே எண் வராது, ஒரு கொத்தாக வரும். அளவு என்றால் அந்தக் கொத்துதான் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். செலவு ஒரு பைசா இல்லை.

சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் குடும்பக் குழுவில் வரும் "இந்த இலைச்சாறு குடித்தால் சர்க்கரை மூன்று நாளில் போய்விடும்" வகைச் செய்திகளை அனுப்பும் முன், கடைசி பெஞ்சுக்காரன் கேட்டதைக் கேளுங்கள்: யாரு அளந்து பார்த்தது? சித்தப்பா, கோபித்துக்கொள்ள வேண்டாம், பொதுவாகத்தான் சொல்கிறேன்.

தம்பி, உன் கேள்விக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. சூரியனில் முதல் படி, புரோட்டானும் புரோட்டானும் சேர்வது. அதை இதுவரை எந்த ஆய்வகத்திலும் யாரும் நேரடியாக அளந்ததில்லை. அவ்வளவு அரிது. அதன் வேகம் கோட்பாட்டுக் கணக்கிலிருந்துதான் வருகிறது. நம் உடம்பில் இருக்கும் கார்பனும் ஆக்ஸிஜனும் எந்த விகிதத்தில் உண்டாயின என்பதைத் தீர்மானிக்கும் வினையும் நட்சத்திரத்தின் ஆற்றலில் இன்னும் அளக்கப்படவில்லை. அதுபோன்ற வினைகளுக்காகக் கிரான் சாஸ்ஸோவில் 35 லட்சம் வோல்ட் முடுக்கி வந்திருக்கிறது. சீனாவில் ஜின்பிங் மலைக்கு அடியில் 2400 மீட்டர் ஆழத்தில் ஒரு குழு அளந்துகொண்டிருக்கிறது. கொல்கத்தாவின் சாகா நிறுவனத்திலும் இந்த ஆராய்ச்சிக்கென்றே ஒரு முடுக்கி இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் யாராவது அங்கே போய் உட்கார்ந்து மாதத்துக்கு இரண்டு என்று எண்ணினால் எனக்குச் சந்தோஷம். அதற்கு ஏழாம் வகுப்பில் அவர்களுடைய 94-ஐ யாரும் அடித்துவிடாமல் இருக்க வேண்டும்.

அந்த மாணவி இதைப் படிக்கிறாளா என்று தெரியவில்லை. படித்தால், அம்மா, நீ பார்த்தது சரி. வெப்பமானியும் சரி. தப்பு என் பேனாவில் இருந்தது. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். சமையலுக்கோ ஆய்வகத்துக்கோ உள்ள வெப்பமானி இருந்தால், உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று மூன்று முறை பார்த்து, ஊரின் பெயரோடு கீழே எழுதுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போட்டு உடைத்துவிடாதீர்கள். மூணாறு, கொடைக்கானல், ஊட்டி, பெங்களூரில் இருப்பவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். அங்கிருந்து யாராவது 100 என்று எழுதினால், புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்